பத்துக்கு எத்தனைங்க?

“ஏனுங்க, ஸ்டோர்ஸ்காரங்க உங்களுக்கு எப்படிங்க? பத்துக்கு எத்தனை போடலாமுங்க?”

நம் வாயில் பாதி பஜ்ஜி இருக்கும்போதுதான் அன்புச்செல்வி இப்படி வந்து நிற்பார். தின்றுகொண்டிருக்கிறவன் பொய் சொல்ல மாட்டான் என்பது அவருடைய நம்பிக்கை. தோளில் துணிப்பை, கொண்டையில் செருகிய பேனா, பதில் வாங்காமல் நகரமாட்டேன் என்கிற முகம். பஜ்ஜியை விழுங்கிவிட்டு “பத்துங்க” என்போம். அவர் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போவார்.

கோவையிலிருந்து அவிநாசி போகும் வழியில் இருக்கிறது எங்கள் பம்பு கம்பெனி. போர்வெல்லுக்குள் இறக்கும் மோட்டார் செய்கிறோம். செய்த மோட்டாரை ஓட்டிப் பார்க்கும் பிரிவில் நான் இருக்கிறேன். அன்புச்செல்வி மனிதவளப் பிரிவு. ஒரு பிரிவுக்கு இன்னொரு பிரிவு எவ்வளவு ஒத்தாசையாக இருக்கிறது என்று அளந்து மாதாமாதம் சொல்லும் வேலையை முதலாளி அவர் தலையில் கட்டியிருக்கிறார். ஏதோ கருத்தரங்கில் கேட்டுவிட்டு வந்தாராம். ஒவ்வொருவரும் பக்கத்துப் பிரிவுக்கு மதிப்பெண் போட வேண்டும், எங்கே குறைகிறதோ அங்கே சரிசெய்ய வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எங்கே குறைகிறது என்று சொல்ல எங்கள் ஊரில் ஆள் வேண்டுமே.

யாரும் யாருக்கும் குறைத்துப் போடுவதில்லை. முதலில் பெயர் எழுதத் தேவையில்லாத தாளைக் கொடுத்தார். எல்லாம் பத்து. கையெழுத்து தெரிந்துவிடும் என்று பயப்படுகிறார்கள் போல என்று செல்போனில் அழுத்தச் சொன்னார். அதிலும் பத்து. பெயின்ட் பிரிவில் ஒருவர், பத்துக்கு மேல் அழுத்தினால் ஏற மாட்டேன் என்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டு வந்தார். அதன் பிறகுதான் பஜ்ஜி நேரத்தில் நேரடி விசாரணை.

“ஒறம்பரைக்கு எலை போட்டு பரிமாறற மாதிரியே மார்க் போடறாங்கங்க. காரணம் கேட்டா, நாளைக்கு அவிங்க மூஞ்சில முழிக்கோணுமில்லீங்களான்னு கேக்கறாங்க. இத வெச்சுட்டு நான் என்னத்தைங்க அளக்கறது?”

மற்ற விஷயங்களில் அன்புச்செல்வி தாராளமாகக் குறைப்பவர். போத்தனூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கியதும் அன்றைய சாலைக்கு மூன்று போடுவார். கேன்டீன் டீக்கு நாலு. “என்ற ஊட்டுக்காரரு வெக்கிற ரசத்துக்கு ஆறுதாங்க. மூஞ்சிக்கு நேராவே சொல்லிப்போடுவேன். மனுசன் மறுக்கா மறுக்கா வெச்சு இப்ப ஏழுக்கு வந்திருக்கறாரு.” ரசத்தில் நடப்பது கம்பெனியில் ஏன் நடக்கவில்லை என்பதுதான் அவருடைய தீராத எரிச்சல். எனக்கும் அதே எரிச்சல்தான், பஜ்ஜி நேரத்தில் வந்து நிற்கும் அவர் மேலும் சேர்த்து.

போன மாதம் நடந்த கூத்தைச் சொல்கிறேன். காங்கயம் பக்கம் சாமியாத்தாள் என்கிற அம்மாள் பால் மாடுகள் வைத்திருக்கிறார். அவர் போர்வெல் மோட்டார் புகைந்து போனது. புது மோட்டார் கேட்டார். செய்தோம், நானே ஓட்டிப் பார்த்து அனுப்பினேன். அது வண்டியேறும் மேடை வரைக்கும் போய் அப்படியே நின்றுவிட்டது. கூடப் போக வேண்டிய கேபிள் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதைக் கேட்டால் சுவரில் முட்டிக்கொள்ளத் தோன்றும். ஸ்டோர்ஸைப் பார்ப்பவர் உக்கடத்து ரிஃபத். சரக்கு வாங்கித் தரும் பிரிவுக்குத் தலைவர் மாரப்பன். இருவரும் தினமும் ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள். ரம்ஜானுக்கு ரிஃபத் வீட்டு பிரியாணி மாரப்பன் வீட்டுக்குப் போகும், பொங்கலுக்கு அங்கிருந்து கரும்பு வரும். சண்டை சச்சரவு எதுவுமில்லை. அதுதான் தொல்லையே.

அன்புச்செல்வி ரிஃபத்திடம் போய், கேபிள் தீர்ந்துவிட்டதென்று மாரப்பனிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். “மாரப்பண்ணன் செம்புக் கம்பி கெடைக்காம அல்லாடிட்டிருக்கறாருங்க. அந்த நேரத்துல இதையும் போய்ச் சொன்னா மனசு சங்கடப்படுவாருங்க. தானா பாத்து அனுப்பிருவாருன்னு இருந்துட்டேனுங்க.”

அங்கிருந்து மாரப்பனிடம் போனார். “கேபிள் இல்லீன்னா தம்பி கேட்டிருப்பாருங்களே. நாமளா போயி இருக்குதா இல்லியான்னு கேட்டா, அவரு வேலைல குத்தம் கண்டுபிடிக்கற மாதிரி ஆயிருமுங்க.”

இருவரும் சொன்னதை அப்படியே என் அறைக்கு வந்து ஒப்பித்துவிட்டு, அன்புச்செல்வி மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டார். அந்த மாதம் ஸ்டோர்ஸுக்கு மாரப்பன் போட்டது பத்து. மாரப்பனுக்கு ரிஃபத் போட்டதும் பத்து. இவர் அவரைத் தொந்தரவு செய்யவில்லை, அவர் இவரைக் கேள்வி கேட்கவில்லை, இதைவிட நல்ல ஒத்துழைப்பு உண்டா? விஷயம் வெளிவந்த பிறகும், தம்பியாகக் கேட்கட்டும் என்று மாரப்பன் இருந்தார், அண்ணனாக அனுப்பட்டும் என்று ரிஃபத் இருந்தார்.

அதற்குள் சாமியாத்தாள் தினமும் போன் செய்ய ஆரம்பித்திருந்தார். அதை எடுப்பவர்கள், நாம் பதில் சொன்னால் சம்பந்தப்பட்டவர்கள் தப்பாக நினைப்பார்கள் என்று ஒவ்வொரு மேசையாகத் தள்ளித் தள்ளி, கடைசியில் அது அன்புச்செல்வியிடம் வந்து நிற்கும். மோட்டாருக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் எடுப்பார், தன் கைப்பேசி எண்ணையும் கொடுத்துவைத்திருந்தார். இரண்டு பக்கமும் தான் கேட்டதை முதலாளியிடம் சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை. வேறு வண்டியில் கேபிள் வரும் என்று யாரோ சொன்னதை நம்பி, இன்றைக்கு நாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மாதக் கூட்டம் வந்தது. சுவரில் புரொஜெக்டர் வெளிச்சம் காட்டி, மொத்தச் சராசரி பத்துக்குப் பத்து என்று அன்புச்செல்வி சொன்னார். முதலாளிக்கு ஒரே பூரிப்பு. “பரவால்லீங்க அம்மணி, நம்ம கம்பெனி ஒரு குடும்பமாட்ட இருக்குதுங்க” என்றார். மாரப்பன் ரிஃபத்தைப் பார்த்துச் சிரித்தார். ரிஃபத் தண்ணீர்ப் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். அப்போதுதான் அன்புச்செல்வியின் கைப்பேசி அடித்தது. பெயரைப் பார்த்தார். ஒரு கணம் யோசித்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிறமாதிரி அமுக்கி, மேசை நடுவில் வைத்தார்.

“கண்ணு, சாமியாத்தா பேசறனுங்க. தண்ணி டேங்கர்காரன் இன்னைக்கும் வல்லீங்க. செவலை மாடு ஈனற தறுவாயில நிக்குது, தொட்டியில சொட்டுத் தண்ணியில்லீங்க. பக்கத்துத் தோட்டத்துல கொடத்துல கொண்டாந்து ஊத்தறேன். எத்தன கொடம் கண்ணு தூக்கறது?”

அன்புச்செல்வி கைப்பேசியின் பக்கம் குனிந்தார். “அம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. எங்க கம்பெனிக்கு நீங்க பத்துக்கு எத்தனைங்க போடுவீங்க?”

அந்தப் பக்கம் மாடு ஒன்று கத்தியது. இந்த ஒரு வாயாவது உண்மையைச் சொல்லட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன்.

“பத்தே போட்டுக்க கண்ணு. உங்களுக்கும் என்ன கஷ்டமோ. மோட்டார மட்டும் அனுப்பிப்போடுங்க.”

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. மாரப்பனும் ரிஃபத்தும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். கதவருகே போய், “நீங்க போங்கண்ணா”, “இல்லீங்க தம்பி, நீங்க மொதல்ல” என்று நின்றார்கள்.

“ரெண்டு பேரும் போய்த் தொலைங்க” என்றார் அன்புச்செல்வி. அவர் ‘ங்க’ போட்டும் திட்ட முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம்.

வேறு ஊர் ஆர்டருக்கு வைத்திருந்த சுருளிலிருந்து ரிஃபத் கேபிளை வெட்டிக் கொடுத்தார். அந்த ஊருக்குத் தாமதமாகும் என்று மாரப்பன் அவர்களிடம் போனில் சொன்னார், முகம் வேர்த்துப்போய். பொழுது இறங்குவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. செவலை கிடாரிக் கன்று போட்டிருக்கிறதாம், தொட்டியும் நிறைந்ததாம். சாமியாத்தாள் கம்பெனி எண்ணுக்குப் போன் செய்து சொன்னார். அதுவும் எல்லா மேசையும் சுற்றித்தான் வந்தது.

இந்த மாதக் கணக்கெடுப்புக்கு அன்புச்செல்வி நேற்று என் அறைக்கு வந்தார். பஜ்ஜி நேரம்கூட இல்லை. எதிரில் உட்கார்ந்து, நம்பிக்கையே இல்லாத குரலில் கேட்டார்.

“ஸ்டோர்ஸுக்கு எத்தனைங்க?”

“ஆறு” என்றேன்.

கொண்டையிலிருந்த பேனாவுக்குப் போன கை அங்கேயே நின்றது. ஒன்றரை வருடமாக இந்தக் கட்டடம் முழுக்க அலைந்து அவர் தேடிய எண் அது. என்னைப் பார்த்தார். மெல்ல எழுந்து வாசலுக்குப் போய், ஸ்டோர்ஸ் பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். பிறகு சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு வந்துதான் பேனாவை எடுத்தார்.