பதவிசாகப் பேசிய நாள்

போன ஐப்பசியில் ஒரு வாரம் முழுக்க என் வாயைக் கண்டு நானே பயந்துகொண்டிருந்தேன்.

அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று திருநெல்வேலிக்குக் கொண்டுபோயிருந்தோம். டாக்டர் அத்தானையும் என்னையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். பரவிவிட்டது, இனி அறுத்துப் பயனில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அக்காவிடம் குடல் புண் என்று சொல்லிக் கூட்டிவந்தோம். ஆஸ்பத்திரிப் படி இறங்கும்போதே அத்தான் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"ஏம்மா, ஒன்ன கொறச்சுச் சொல்லல. கொஞ்ச நாளைக்கு வீட்டுப் பக்கம் வராண்டாம். விஷயம் தெரிஞ்சா அவ அன்னைக்கே உசுர விட்டுருவா."

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

என் பேச்சுக்கு எங்கள் பக்கத்தில் ஏகப்பட்ட பேர் உண்டு. அம்மாவுக்கு நான் வெடுக்கென்று பேசுகிறவள். சித்திக்கு வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டு. என்னைப் பிடித்தவர்கள் நறுக்குத் தெறித்தாற்போலப் பேசுவாள் என்பார்கள். பிடிக்காதவர்கள் எடுத்தெறிந்து பேசுகிறாள், மூஞ்சியில் அடித்த மாதிரி பேசுகிறாள் என்பார்கள். எல்லாரும் சொல்வது ஒரே வாயைத்தான். எந்த வார்த்தையைப் போடுகிறார்கள் என்பதை வைத்தே அவர்களுக்கு என்மேல் எவ்வளவு பிரியம் என்று கண்டுபிடித்துவிடுவேன். இதமாகப் பேசுகிறவர்களுக்குச் சொல்கிற பதவிசு என்ற வார்த்தை மட்டும் என் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அது அக்காவுக்கென்றே எழுதிவைத்தது.

பக்கத்து வீட்டில் பிள்ளைக்குப் பேர் வைக்கிற அன்று எல்லாரும் கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சினார்கள். நான் மட்டும், "ஒரு கண்ணு ஒதுங்கிப் போகுதே, ஆஸ்பத்திரில காட்டுங்க" என்றேன். பிறகு காட்டினார்கள், பிள்ளைக்குக் கண்ணாடியும் போட்டார்கள். பெற்றவள் இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. யதார்த்தவாதி வெகுஜன விரோதி என்று சும்மாவா சொன்னார்கள்?

வாய்த்த வேலையும் அப்படித்தான். புதியம்புத்தூரில் நைட்டி தைக்கிற கம்பெனியில் செக்கிங். தைத்து வந்ததை விரித்துப் பார்த்து, "இது தேறாது, பிரி" என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அக்கா புதுச் சேலை எடுத்தால் அதனால்தான் என்னைத் தேடுவாள். "ஊரே நல்லாருக்குன்னுதான் சொல்லும். ஏட்டி, நீ சொல்லு" என்பாள். நான் சொல்வதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். இந்த வாயைச் சிரித்துக்கொண்டே தாங்கியவள் அவள் ஒருத்திதான்.

ஆறாம் நாள் நல்ல மழை. கரிசலில் மழை விழுந்தால் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது. ஈரம் இருக்கும்போதே விதைத்துவிட வேண்டும், விட்டால் அந்த வருஷம் போச்சு. மறுநாள் காலையில் அத்தான் போன் செய்தார்.

"உளுந்து போடணும்மா. மக கோயம்புத்தூர்லேர்ந்து வர ரெண்டு நாளாவும். ஒன்ன விட்டா ஆளு இல்ல. சாயங்காலம் வரைக்கும் அவகூட இரு. ஆனா பாத்துப் பேசு."

ஓட்டப்பிடாரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி மனப்பாடம் செய்தேன். முகம் தெளிந்திருக்கிறது. புண் ஆறிவிடும். மகள் வந்துவிடுவாள். எங்கே வாய் தவறி நிஜம் விழுந்துவிடுமோ, அதைக் கேட்டு அவள் உயிர் போய்விடுமோ என்றே நினைப்பு ஓடியது. இறங்கி நடக்கையில் செருப்பில் கரிசல் மண் அப்பிக் கால் கனத்தது. திரும்பி ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தாள். பொங்கலுக்கு நான் கொடுத்த நைட்டியைப் போட்டிருந்தாள். அன்றைக்கு அது அவளுக்கு இறுக்கமாக இருந்தது. "நீ பெருத்துட்ட, தையல் பிரிஞ்சுரும்" என்று சொல்லியிருந்தேன். இப்போது கழுத்து ஒரு பக்கம் நழுவித் தோள் எலும்பு தெரிந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அடுப்படிக்குப் போய்க் கஞ்சியை ஆற்றுகிற சாக்கில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

"முகம் தெளிஞ்சிருக்குக்கா" என்றேன்.

அவள் இரண்டு வாய் கஞ்சி குடித்தாள். பிறகு சுவரைப் பிடித்து மெதுவாக எழுந்து நின்றாள்.

"ஏட்டி, இந்த நைட்டி எனக்கு எப்படியிருக்கு?"

நான் தயார் செய்துகொண்டு வந்ததில் இது இல்லை. பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"ஒனக்குன்னே அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்குக்கா."

அக்கா என்னைப் பார்த்தபடியே நின்றாள். தூரத்தில் யாருடைய புஞ்சையிலோ டிராக்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. நழுவிய கழுத்தைத் தோளுக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நீயா இப்படிச் சொல்லுத?"

"ஆமாக்கா."

"அப்ப டாக்டரு அவ்வளவு மோசமாவா சொன்னாவ?"

கேட்காத இடத்திலெல்லாம் பேசிய வாய் எனக்கு. அக்கா கேட்டதற்கு அதிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அக்கா கட்டிலில் உட்கார்ந்து என் கையைப் பிடித்தாள்.

"சரி, விடு" என்றாள். "எனக்குத் தெரிஞ்சது ஒங்க அத்தானுக்குத் தெரிய வேண்டாம். அவிய பயந்துருவாவ. வெதப்பு முடியட்டும்."

மிச்சக் கஞ்சியையும் வாங்கிக் குடித்துவிட்டுச் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பொழுது சாயும்போது அத்தான் வந்தார். முழங்கால்வரை சேறு. வாசலில் நின்றபடி, குரலைத் தாழ்த்தி, "ஒண்ணும் சொல்லிரலயே?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல அத்தான்."

அக்கா உள்ளேயிருந்து, "இவ்வளவு நேரம் சிரிச்சுப் பேசிக்கிட்டுதான் இருந்தோம்" என்று குரல் கொடுத்தாள். குரலில் ஒரு பிசிறு இல்லை. அத்தான் பெருமூச்சு விட்டார். பல நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது.

"ஒன்ன என்னமோ நெனச்சுட்டேம்மா" என்றார். "பதவிசா நடந்திருக்க. இனிமே நீயே தெனமும் வந்து அவகூட இரு."

சரி என்று தலையை ஆட்டினேன். வாயைத் திறக்கப் பயமாக இருந்தது.