வலிக்காத பக்கம்

வாயில் நாலைந்து ஆணிகளை ஒதுக்கி வைத்துக்கொண்டேதான் பேசுவார். நாக்கு ஒவ்வொன்றாக வெளியே தள்ள, காந்த முனைச் சுத்தியல் அதைக் கவ்விக்கொண்டு போய்ச் சோபாவின் மரச்சட்டத்தில் இறக்கும். நடுவே வாடிக்கையாளருக்குப் பதிலும் வரும். பாதி புரியும், பாதி புரியாது. மறுபடி கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை, மனிதர் எதையாவது விழுங்கித் தொலைக்கப் போகிறாரே என்ற பயம். தெருவே அவரை ஆணிக்காரர் என்றுதான் கூப்பிடுகிறது.

பசை என்ற பேச்சே அவருக்கு ஆகாது. வேறு கடையில் துணியை ஒட்டி வாங்கிய சோபாக்கள், ஒரு வெயிலைப் பார்த்ததும் உரிந்துபோய் அவரிடம்தான் வந்து சேரும். "தச்சது நிக்கும், அடிச்சது நிக்கும், ஒட்டினது பல்ல இளிக்கும்" என்பார். மனைவி உறை தைக்க, மச்சினன் கனமானதைத் தூக்கக் கைகொடுக்க, இவர் ஆணி அடிக்க ஓடுகிற கடை அது.

அப்பேர்ப்பட்டவரின் உடம்புக்குள்ளேயே பசையை வைத்துவிட்டார்கள்.

சில வருடங்களுக்கு முன் இடது தொடை இடுக்கில் குடலிறக்கம். குடல் மறுபடி பிதுங்காமல் இருக்க உள்ளே ஒரு வலை வைத்துத் தைத்தார்கள். வலை நின்றது, ஆனால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் இன்றுவரை சுருக்கென்கிறது. பாரம் தூக்கித் தூக்கி, போன வருடம் வலது பக்கமும் புடைத்துக்கொண்டது. "தையல் சில பேருக்கு நரம்புல மாட்டிக்கும். உங்களுக்கு இந்தத் தடவ வலைய ஒட்டிடலாம்" என்றார் டாக்டரம்மா. ஆணிக்காரர் தலையை ஆட்டிவிட்டார். படித்தவர்களிடம் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை.

ஆபரேஷன் முடிந்தது. புண் ஆறியது. வலது பக்கம் வலிக்கவே இல்லை. வேறு யாராவது என்றால் கடவுளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். இவருக்கு அங்கேதான் உதறல் எடுத்தது.

"இழுத்துப் பிடிச்சாத்தானய்யா வலிக்கும். இடது பக்கம் சுருக்குங்குது, நிக்குது. இங்க ஒண்ணையும் காணோம். உரிஞ்சிடுச்சு மாப்ள" என்றார் மச்சினனிடம், குரலைத் தாழ்த்தி.

அன்றிலிருந்து தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பையும் நிறுத்தினார். பாரம் தூக்க வேண்டாமென்று டாக்டர் சொன்ன கெடு தாண்டி மாதங்கள் போயும் குஷனைத் தவிர எதையும் தொடவில்லை. மூன்று பேர் உட்காரும் சோபாவை ஒற்றை ஆள் தூக்க முடியுமா? வந்த வேலைகள் திரும்பிப் போயின. கடைசியில் மச்சினனும் வாயைத் திறந்துவிட்டான்.

"எத்தன நாளைக்கு மாமா இப்படி? நான் வேற வேல பாத்துக்கட்டுமா?"

அவன் போனால் கடையை மூட வேண்டியதுதான். மனைவி அவரைப் பிடித்த பிடியாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

டாக்டரம்மா இருமச் சொன்னார். தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் இருமுவதுபோல் ஓர் இருமல் வந்தது.

"இடது பக்கம் எப்படி?"

"அப்பப்ப சுருக்குங்கும்."

"வலது பக்கம்?"

அவர் தரையைப் பார்த்தார். "வலியே இல்லையாம் டாக்டர். அதான் பயமாம்" என்றாள் மனைவி. "பிடிச்சிருந்தா வலிக்கணுமாம்."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "அந்தப் பசை எப்பவோ கரைஞ்சு போயிருக்கும்ங்க."

ஆணிக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை.

"முழுசாக் கேளுங்க. வலை நகராம ஆரம்பத்துல பிடிச்சு வைக்கத்தான் பசை. அதுக்குள்ள உங்க சதையே வலையோட கண்ணுக்குள்ள பூந்து வளர்ந்துடும். இப்ப அது உங்க சதையிலதான் நிக்குது. தச்ச பக்கமும் அப்படித்தான், ரெண்டும் ஒரே பிடி. அங்க வலிக்கறது தையல் நரம்பத் தொட்டதாலதான் இருக்கும், பிடிப்பால இல்ல."

"அப்போ… தூக்கலாமா?"

"தாராளமா."

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. யாரும் கேட்காமலே ஓர் இருமல் இருமினார், வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கும்படி. ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்று இருமினார். "போதும், எழுந்திரிங்க" என்றாள் மனைவி. அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

கடைக்குத் திரும்பியபோது வாசலில் வண்டி நின்றது. அடியில் பெட்டி வைத்த சோபா ஒன்று ஏறவேண்டும், பெட்டி இருக்கும் பக்கம் பிணக்கனம். மச்சினன் அந்தப் பக்கம் குனிந்தபடியே, "நீங்க குஷன எடுத்துக்குங்க மாமா, வண்டிக்காரரக் கூப்பிடறேன்" என்றான்.

ஆணிக்காரர் அவனை முழங்கையால் மறுபக்கத்துக்கு நகர்த்திவிட்டு, பெட்டிக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்தார்.