வேலியில் ஒரு நாய் நுழையும் அகலம்

சிரில் ஹாப்டேயும் மகள் ரோவினாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, வாசல் உயிர்வேலியை வெட்டியது. அவர் கத்தரியைப் பிடித்தார். அவள் கயிற்றைப் பிடித்தாள்.

"கயிறு தொய்யுது. இந்தக் கையை வெச்சுக்கிட்டா ஊரையே வரையுற?"

"செடிதானேப்பா, பாலமா கட்டுறோம்?"

ரோவினா நகரமைப்புப் பொறியாளர். சிரில் அச்சகத்தில் காகிதம் வெட்டி ஓய்வு பெற்றவர். உலகின் முதல் தோட்ட நகரம் இங்கிலாந்தில் உள்ள தங்கள் ஊர் லெட்ச்வொர்த்துதான் என்று தன் முடிதிருத்துபவரிடம் மாதாமாதம் சொல்வார். அந்த ஆளும் லெட்ச்வொர்த்தில் பிறந்தவர்தான். வேலி சட்டையின் மூன்றாவது பொத்தானைத் தாண்டக் கூடாது, தெருவில் போகிறவர் முகம் தெரிய வேண்டும் என்பது சிரிலின் சட்டம். ஞாயிற்றுக்கிழமை நடையில் ஊரார் வேலிகளைத் தன் பொத்தானால் அளப்பார்.

மகள் திட்டமிட்ட புதுக் குடியிருப்பின் பெயரிலும் 'தோட்டம்' இருந்தது. ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டினாள்.

"பேர்ல தோட்டம், வாசல்ல ரெண்டு காரு. உன் வரைபடத்துல இருந்த பச்சைப் பொட்டெல்லாம் எங்கேம்மா?"

"கட்டுறவங்க எடுத்துட்டாங்கப்பா."

"நீ பார்த்துக்கிட்டு இருந்தியாக்கும்."

அவள் காரைக் கிளப்பினாள்.

ஊர் வேலிகளை அளந்தவரின் வேலியிலேயே ஓட்டை. பக்கத்து வீட்டு மாரீனின் தோட்டத்துக்கும் அவர் தோட்டத்துக்கும் நடுவே ஒரு செடி பட்டுப்போனது. அதைப் பிடுங்கிய இடம் வசந்தத்திலிருந்து காலி. மாரீனின் நாய் டஃபிக்கு அது ராஜபாட்டை.

"என் நாய் வீடே தங்குறதில்ல, சிரில். சனிக்கிழமைக்குள்ள செடி வரலைன்னா பலகை வேலி அடிச்சிருவேன்."

"பலகையா! இந்தத் தெருவுலயா! தோட்ட நகரத்துல அதுக்கு அனுமதியே கிடைக்காது."

"ஓட்டைக்கு மட்டும் வாங்கினீங்களாக்கும்?"

பலகை என்ற சொல்லே அவரை உலுக்கியது. உடனே குழி வெட்டினார். நாற்றுப்பண்ணை ரவுண்டானாவைத் தாண்டினால் வந்துவிடும். ஆனால் போகத்தான் நேரம் வாய்க்கவில்லை. ஒருநாள் மழை. ஒருநாள் முழங்கால். ஒருநாள், அங்கிருந்த செடியெல்லாம் குட்டை.

வியாழக்கிழமை நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். மாரடைப்பு.

சனிக்கிழமை காலை ரோவினா ரொட்டியை வாட்டினாள். பின்கதவில் சுரண்டும் சத்தம். திறந்தாள். டஃபி நேராக அப்பாவின் நாற்காலியடியில் போய் உட்கார்ந்து மேலே பார்த்தது. மேலே யாரும் இல்லை. அது பார்த்துக்கொண்டே இருந்தது.

பின்னாலேயே மாரீன் வந்தாள்.

"தினமும் உங்கப்பா ரொட்டியோட ஓரம் இவனுக்குத்தான். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தாரு, பாவம்."

"தெரிஞ்சே பலகைன்னு மிரட்டினீங்களா?"

"நிஜமாத்தான் சொன்னேன். பலகை வாங்கி ஷெட்ல வெச்சிருக்கேன்." மாரீன் கைக்குட்டையைத் தேடினாள். "இன்னிக்குச் சனிக்கிழமை, ரோவினா. செடி?"

ரோவினா ஓரத்தைப் பிய்த்து நாய்க்குப் போட்டாள்.

"வாங்கணும். மழை வர்ற மாதிரி இருக்கு."

மாரீன் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தாள். பொட்டு மேகம் இல்லை.

"ஆமா, இருக்கு. அடுத்த சனிக்கிழமை வாங்கிக்கோ."