மாமா கொண்டு வந்த கடல் பூதம்

ஜார்ஜ் மன்னர் முடிசூட்டிக்கொண்டதற்காக ஸ்ரீவைகுண்டத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார்களே, அதற்கு மறுவருஷம் என் மாமா தூத்துக்குடியிலிருந்து ஒரு பூதத்தைக் கொண்டு வந்தார். எனக்கு அப்போது எட்டு வயது.

மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. துறைமுகத்தில் பஞ்சு மூட்டைகளுக்கு மையால் அடையாளம் போடும் வேலைக்குப் போனவர், ஆறு மாதத்தில் திரும்பி வந்துவிட்டார். வேலை போன வருத்தம் முகத்தில் கொஞ்சமும் இல்லை. கையில் ஒரு தகரப்பெட்டி இருந்தது. அதைத் திறந்து, துணியை விலக்கிக் காட்டினார். முழங்கை நீளத்தில் காய்ந்து சுருங்கிய ஓர் உருவம். சின்னதாக இரண்டு கண்கள். சிரிக்கிறதா அழுகிறதா என்று சொல்ல முடியாத வாய். தோளில் மடங்கிய சிறகு.

"கடல் பூதத்துக் குழந்தை, அக்கா. நூறு பனை ஆழத்துல கெடக்குமாம். வலையில வந்து மாட்டிக்கிட்டு" என்றார்.

அது என்ன என்று இன்று எனக்குத் தெரியும். திருக்கை மீன். அதை மல்லாத்திப் போட்டால் மனித முகம் மாதிரியே இருக்கும். மூக்குத் துவாரங்கள்தாம் கண்களாகத் தெரியும். யாரோ ஒரு கப்பல்காரன் அதன் ஓரங்களைக் கத்தரித்துச் சிறகாக மடித்து, வாலை நறுக்கி, வெயிலில் காயவைத்து மாமாவிடம் தள்ளிவிட்டிருக்கிறான். மாமாவுக்கு இது தெரியும். எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. நாங்கள் சைவர்கள். மீன்கூடை தெருமுனையைக் கடந்தாலே மூக்கைப் பொத்திக்கொள்ளும் குடும்பம். அந்த வீட்டில், பூஜை அறைக்கு அடுத்த அறையில், ஒரு கருவாடு மூன்று மாதம் சாம்பிராணிப் புகையோடு குடியிருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் அம்மா அதன் நெற்றியில் விபூதிகூட இட்டாள்.

"என்னடே, ஒரு மாதிரி நாத்தம் அடிக்கி?" என்று அவள் ஒருநாள் கேட்டதற்கு மாமா, "அது கடல் வாசம்க்கா. பைய பழகிரும்" என்றார். பழகியும் போயிற்று.

எனக்கு அதைப் பார்த்துப் பயம் வரவில்லை. அழுகைதான் வந்தது. தாயை விட்டுவிட்டு இப்படிக் காய்ந்து கிடக்கிறதே என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. என்னைத் தேற்றுவதற்காக மாமா ஒரு கதை கட்டினார். கடலுக்கு அடியில் இதன் அம்மா இருக்கிறாள். அவளுக்கு உடம்பெல்லாம் வெளிச்சம். அங்கே விளக்கில்லாமலே எரியும் மீன்கள் உண்டு, பூவைப் போல விரிந்து மூடும் பிராணிகள் உண்டு, எட்டுக் கையால் தொட்டில் ஆட்டும் தாதிகள் உண்டு. மேலேயிருந்து யார் தவறி விழுந்தாலும் அவள் மடியில் ஏந்திக்கொள்வாள். இந்தக் கதையை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன்.

ஆனி மாதம் நெல்லையப்பர் தேருக்கு, காசு வாங்கிக்கொண்டு காட்டுவதற்காக, மாமா பூதத்தோடு கிளம்பினார். நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். ரதவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் நாலு கம்பு நட்டுத் துணி கட்டினோம். முதல் நாள் மாமாதான் கதை சொன்னார். கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டிப்போகவே மறுநாள் நான் சொன்னேன். அவரைவிட என் கதைக்குக் கூட்டம் அதிகம். அவர் பொய் சொன்னார். நான் நம்பியதைச் சொன்னேன். அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் மத்தியானம், தேர் நகர்ந்துவிட்டதென்று எல்லோரும் ஓடிப்போன வேளையில், ஓர் அம்மாள் மட்டும் உள்ளே வந்தாள். உவரியிலிருந்து கருவாடு விற்க வந்தவள். கழுத்தில் ஜெபமாலை கிடந்தது. கூடையை வெளியே வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நின்றாள். நான் கதையை ஆரம்பித்தேன். கேட்டுக்கொண்டே அவள் பூதத்தை எடுத்தாள். பார்க்க வந்தவர்கள் யாரும் அதைத் தொட்டதில்லை. அவள் ஒரு கையால் தூக்கி, சட்டென்று புரட்டி, முதுகுப் பக்கம், நிஜக் கண் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள். பிறகு மாமாவைப் பார்த்தாள்.

"திருக்கைக் குஞ்சு" என்றாள் மெதுவாக.

மீன் பெயர் ஒன்றுகூடத் தெரியாத எனக்கு அது திரு, கை என்று இரண்டு சொல்லாகக் காதில் விழுந்தது. பூதத்துக்கு உவரியில் எவ்வளவு மரியாதையான பெயர் வைத்திருக்கிறார்கள் என்று மகிழ்ந்துபோனேன். மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஏட்டி, போதும். நிறுத்து" என்றார் என்னிடம்.

"பிள்ளை சொல்லட்டும் அய்யா" என்றாள் அவள். பூதத்தைப் பழையபடி மல்லாக்க வைத்துவிட்டு என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "கடல்ல விழுந்தவங்கள அந்தத் தாய் ஏந்திக்கிடுவான்னு சொன்னியே. பொறவு?"

"பொறவு அங்கனயே வச்சிப் பாத்துக்கிடுவா."

"எம் மவன் சித்திரையில மரத்துல போனான். மரம் மட்டும் கரைக்கு வந்திச்சி." கட்டுமரத்தைத்தான் சொன்னாள். "என்கூடச் சண்டை போட்டுட்டு, சோறு திங்காமப் போனான்."

மாமாவின் கதையில் சோறு வரவே இல்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கூடாரத் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதனால் நானே சொன்னேன்: "அங்கன போனதும் மொதல்ல சோறுதான் போடுவா. வெளிச்சத்துல உக்கார வச்சி, வேணும் வேணும்னு கேட்டுக் கேட்டுப் போடுவா. கோவமா இருந்தாலும் ஊட்டி விட்டுருவா."

"அவனுக்குக் கோவம் இருக்குமோ?"

"சாப்பிட்டதும் போயிரும். எனக்கும் அப்படித்தான்."

அவள் சிரித்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. "இன்னொரு தடவ சொல்லு தாயி, மொதல்லேருந்து" என்றாள். நான் சொன்னேன். வெளிச்சம் உள்ள மீன்கள், பூவைப் போல் விரியும் பிராணிகள், எட்டுக் கைத் தாதிகள், கடைசியில் சோறு. அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். முடிந்ததும் என் கன்னத்தைத் தொட்டாள். அவள் விரலிலும் எங்கள் வீட்டு அறையின் அதே வாசம். மாமாவைப் பார்த்து, "பிள்ளைய நல்லா வளத்திருக்கிய" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள்.

தேர் இன்னும் நிலைக்கு வரவில்லை. கூட்டம் திரும்பி வந்து வெளியே நெருக்கிக்கொண்டிருந்தது. மாமா கம்புகளைப் பிடுங்க ஆரம்பித்தார். "இன்னைக்கு இல்லவே, போங்க" என்று எல்லோரையும் அனுப்பினார். எனக்கு ஆத்திரமாக வந்தது. நன்றாகச் சொன்னேனே, ஏன் மூட வேண்டும்? அவர் துணியைச் சுருட்டிக் கட்டினார். சாயங்காலம் மாட்டுவண்டியில் ஊர் திரும்பும்போது, வழியில் ஆற்றங்கரையில் இறங்கி, பெட்டியோடு நடந்துபோய், வெறுங்கையோடு வந்தார். நான் செய்துங்கநல்லூர் வரையில் அவரோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு மனசு கேட்காமல் ஒன்றே ஒன்று கேட்டேன். "மாமா, அந்த அம்மா நான் சொன்னத நம்பிட்டாவளா?"

மாமா மாட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டே, "அவளுக்குக் கடலப் பத்தி நம்மள விட நல்லாத் தெரியும்லா" என்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடல் தெரிந்த ஒருத்தியே தலையாட்டிக் கேட்டாள் என்றால், நான் சொன்ன அத்தனையும் நிஜந்தானே. சோறு போடுவது உட்பட.