ஐந்து சப்பாத்தி, ஆறு பேர்

மலேசியாவில், கோல சிலாங்கூருக்கு வடக்கே, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்று. அங்குள்ள கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை காலைகளில் கணக்கு சொல்லித் தருகிறேன். மற்ற நாள்களில் ரவாங் நகரில் அலுவலக வேலை. வகுப்பில் ஆறு பிள்ளைகள், எல்லாரும் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. பின்னம் என்றால் அவர்களுக்கு மேலே ஓர் எண், கீழே ஓர் எண், நடுவில் ஒரு கோடு. அவ்வளவுதான்.

ஒரு வாரம் புதிர் போட்டேன். ஐந்து சப்பாத்தியை ஆறு பேருக்குச் சமமாகப் பங்கிட வேண்டும்; ஆனால் எதையும் ஆறு துண்டாக வெட்டக் கூடாது. தாளை வட்டமாக வெட்டிக் கொடுத்தேன். மடித்து மடித்துப் பார்த்தார்கள். வகுப்பிலேயே வாயாடியான பெண் தாளைத் தள்ளி வைத்தாள்.

“பேப்பருக்கா டீச்சர் சண்ட போடுறது? உண்மையான சப்பாத்தி கொண்டாங்க. பங்கு சரியா இருக்கான்னு அப்பத்தான் தெரியும் லா.”

அடுத்த வாரம் ஐந்து சப்பாத்தி சுட்டு, கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டு போனேன். ஐந்து பேர்தான் வந்திருந்தார்கள். ஒருவனுக்குக் காய்ச்சலாம்.

“அப்ப ஆளுக்கு ஒன்னு! முடிஞ்சிருச்சு” என்று ஒரு பையன் கை நீட்டினான். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

வாயாடி அவன் கையைத் தட்டிவிட்டாள். “டீச்சர் சாப்பிட வேணாமா? அவங்கதான் ஆறாவது ஆளு. உக்காருங்க டீச்சர்.”

பாயில் உட்கார்ந்தேன். ஐந்தையும் பாதியாக்கினால் பத்துத் துண்டு. ஆளுக்கொன்று போக நாலு மிஞ்சும். அந்த நாலை ஆறு பேருக்குப் பிரிக்க வழி தெரியவில்லை. பிறகு அந்தப் பையன், “மூனு சப்பாத்திய மட்டும் பாதியாக்கு. மத்த ரெண்டையும் மூனு மூனா வெட்டு” என்றான். வெட்டினார்கள். ஒரு துண்டு தடித்திருந்ததால் தகராறு வந்தது. கடைசியில் ஆளுக்கு ஓர் அரையும் மூன்றில் ஒன்றும் கிடைத்தன.

தின்றுகொண்டிருக்கும்போதே பலகையில் கூட்டிக் காட்டினேன். இரண்டும் மூன்றும் ஆறின் காரணிகள். அரை என்பது ஆறில் மூன்று, மற்றது ஆறில் இரண்டு. மொத்தம் ஆறில் ஐந்து.

வாயாடி மெல்லுவதை நிறுத்தினாள். “அஞ்சு சப்பாத்தி, ஆறு பேரு... விடை கேள்வியிலேயே இருந்துச்சா?”

“ஆமா.”

“மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல!” அவளுக்கு உண்மையிலேயே கோபம்.

பிறகு அதே ஐந்தைப் பன்னிரண்டு துண்டாக வெட்டாமல் பன்னிரண்டு பேருக்குப் பங்கிடுவதைத் தாளில் போட்டார்கள், வந்துவிட்டது. ஏழு பேருக்கு வரவில்லை. “இந்த ஏழு எதுக்குள்ளயும் ஒடைய மாட்டேங்குது டீச்சர்” என்று திட்டினார்கள். இன்னும் சில தாள் வட்டங்களை வெட்டிக் கொடுத்தேன். அப்பாக்களின் மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்ற பிறகும் யாரும் பாயை விட்டு எழவில்லை.