சூரன் பக்கம்

எங்கள் வீட்டில் வெற்றி என்றால் ஆளுக்கொரு பொருள். அப்பாவுக்கு அது பரீட்சைப் பெறுபேறு. அம்மாவுக்கு, காலையில் காலி வீதி பஸ்ஸில் சீற் கிடைப்பது. வெளியே வெடிச் சத்தம் கேட்டால் அம்மா முதலில் யன்னலைச் சாத்துவார். பிறகுதான் கிரிக்கெட்டா, எலெக்சனா என்று விசாரிப்பார். சித்தப்பாவுக்கு மட்டும் அந்தச் சொல்லோடு ஒரு சம்பந்தமும் இல்லை என்பது குடும்பத்தின் முடிவு. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து எங்கள் வெள்ளவத்தை பிளாட்டின் ஹோலில் படுத்துக்கொண்டிருந்தவர் அவர். இரண்டு நாடுகள் விசா தராமல் திருப்பியிருந்தன. போய் வெறுங்கையோடு வந்த இன்டர்வியூக்கள் வேறு. சாப்பிடும் நேரம் பார்த்து அப்பா இதையெல்லாம் நினைவுபடுத்துவார்.

அது போதாதென்று கொட்டாஞ்சேனைக் கோயிலிலும் அவர் சூரன் பக்கம். கந்தசஷ்டி முடிவில் நடக்கும் சூரன்போரில் முருகன் சிலையைத் தூக்குபவர்கள் ஆறுதலாக நடந்தால் போதும். சூரனைத் தூக்குபவர்கள்தான் ஓடி, குனிந்து, சுழன்று, நாக்குத் தள்ள ஆட்டவேண்டும். அவ்வளவும் செய்து கடைசியில் தோற்கவும் வேண்டும். சூரனைத் தூக்கும் முன் தண்டில் சித்தப்பா. அவர் ஒருமுறையாவது வெல்லவேண்டும் என்று ஒன்பது வயதில் எனக்கு அப்படியொரு ஆசை. அந்த வருடம் கந்தசஷ்டி முழுவதும் காலைச் சாப்பாட்டை விட்டு, முருகனிடமே போய், இந்த முறை தயவுசெய்து தோற்றுப்போங்கள் என்று கேட்டேன்.

போர் நடந்த பின்னேரம் மழை தூறியது. சூரன் தலை மாற்றிப் பாய்ந்து வந்தபோது, முருகனைத் தூக்கி நின்ற ஓர் அண்ணாவின் கால் ஈரத்தில் வழுக்கியது. முருகன் ஒரு பக்கம் சரிந்தார். சனம் கத்தியது. நான் மட்டும் மனதுக்குள் துள்ளினேன். அதற்குள் சித்தப்பா சூரனை விட்டுவிட்டு ஓடிப்போய் முருகனின் தண்டுக்குக் கீழே தோளைக் கொடுத்துவிட்டார். முருகன் நிமிர்ந்தார். முன்னால் ஆளில்லாத சூரன், வேல் வருமுன்பே நிலத்தில் குந்திவிட்டான்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு அழுகை அடங்கவில்லை. "நீங்கள் பிடிக்காம விட்டிருந்தா நாங்கள் வெண்டிருப்பம்," என்றேன்.

"உனக்கென்ன விசரா? அந்தப் பெடியன்ர காலெல்லோ நசிஞ்சிருக்கும்," என்றார் சித்தப்பா.

வீட்டில் கதையைக் கேட்ட அப்பா, "தோக்கிறதைக்கூட இவனுக்கு ஒழுங்காச் செய்யத் தெரியாது," என்றார்.

மறுநாள் அந்த அண்ணாவின் வீட்டார் பழங்களோடு நன்றி சொல்ல வந்தார்கள். அவருடைய அக்காவும் வந்திருந்தார். காலையில் காஸ் சிலிண்டரை மாடிக்குத் தூக்கிவந்த சித்தப்பாவுக்கு, அந்த அக்கா விசாரித்ததும் தோள் தாங்கமுடியாமல் வலித்தது.

"தம்பி இண்டைக்கு நடந்து திரியிறானெண்டா அது இவராலதான்," என்று அக்கா அப்பாவிடம் சொன்னார். அப்பா சித்தப்பாவுக்கும் ஒரு பிஸ்கட்டை நீட்டினார்.

எனக்குக் கோபம் ஆறவில்லை. "இவர் எப்பவும் தோக்கிறவர், பாவம். அடுத்த வருஷம் பாருங்கோ, கட்டாயம் வெல்லுவார்," என்றேன்.

அக்கா சித்தப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அப்ப அடுத்த வருஷம் நானும் உங்கட பக்கமே வந்து நிக்கிறன்."

சித்தப்பா தேநீரைத் தன் மேலேயே ஊற்றிக்கொண்டார். எங்கள் கட்சிக்கு ஓர் ஆள் கூடிவிட்டது என்பது மட்டும்தான் அன்று எனக்கு விளங்கியது.