குளத்துல வராத நிறம்

கொக்கு வரும், வட்டமடிக்கும், இறங்காமத் திரும்பிப் போயிரும். ஒரு நாள்னா நானும் விட்டுருப்பேன். என் தையல் மிஷின் ஜன்னலோரமாக் கெடக்கு, அங்கன உக்காந்தா நேரே குளந்தான். ஜாக்கெட்டு தைச்சுக்கிட்டே தெனமும் பாக்குறேன், தண்ணிக்கு மேல வந்து காலைக்கூட நீட்டிட்டு, எதையோ கண்ட மாதிரி வெடுக்குன்னு எழும்பிப் போகுது. மழை பேஞ்சு முக்காவாசிக் குளம் நெறஞ்சு நிக்கிது. ஆனா ஒரு மீன்கொத்தி இல்ல, நீர்க்கோழி இல்ல, தவளைச் சத்தங்கூட இல்ல. தெருநாய் கரை வரைக்கும் போயி மோந்து பாத்துட்டு, வாலை இடுக்கிக்கிட்டு எங்க வாசல் பக்கெட்டுல வந்து குடிக்கும்.

அப்புறம் அந்தக் குமிழி. பட்டப்பகல்ல, காத்தே இல்லாதப்ப, நடுத்தண்ணியில ஒண்ணு வரும். செத்த நேரங் கழிச்சு ரெண்டடி தள்ளி இன்னொண்ணு. அப்புறம் இன்னொண்ணு. அடியில யாரோ நடந்து வர்ற மாதிரி வரிசையா வந்து கரைக்குப் பக்கத்துல நின்னுரும். எனக்கு வாய் ஜாஸ்தி, பயம் கம்மின்னு தெருவே சொல்லும். ஆனா அதப் பாக்கையில மிஷினை மிதிக்கிற காலு தானா நின்னுரும்.

எங்க தெரு திண்டுக்கல்லத் தாண்டி வேடசந்தூர் ரோட்டுல, மில்லு பஸ்ஸு திரும்புற எடத்துல இருந்து உள்ள வரணும். குளத்தங்கரை மேட்டுக்காட்டை மனை போட்டு வித்தப்ப வாங்கிக் கட்டுனது, பதினாலு வீடு. அந்தக் காடு எங்க பின்வீட்டு அக்காவோட மாமனாருது. வித்தது போக மிச்சத்துல அக்காவுக்கு ஒரு வீடும் பழைய பாசனக் கெணறும் நின்னுச்சு. அந்தக் காலத்துலயே கெணறு வத்தக் கூடாதுன்னு, சுவத்துல குளத்தைப் பாத்துப் படுக்கவாட்டுல தொளை போட்டிருக்காக. சைடு போருன்னு சொல்லுவோம். குளத்து ஊத்து அது வழியா கெணத்துக்கு வரும். நாங்கள்லாம் கேன் தண்ணிக்கு மாறியாச்சு, அக்கா மாறல. "எங்க கெணத்துத் தண்ணியில வேகுற பருப்பு கேன் தண்ணியில வேகுமாத்தா?"ன்னு பெருமையாக் கேக்கும்.

அக்காவுக்கு ஒரே மக. ஒட்டன்சத்திரம் பக்கம் கட்டிக் குடுத்துச்சு. தலைப்பிரசவத்துக்கு வந்தவ, எட்டாம் மாசம் மஞ்சக்காமாலை கண்டு படுத்துட்டா. மதுரை வரைக்கும் தூக்கிட்டு ஓடுனோம். அவளைக் காப்பாத்துனாக, புள்ள வயித்துலயே செத்துப் போச்சு. நானும் உள்ள போயிப் பாத்தேன். ஆம்பளப் புள்ள, நல்லா முடியோட. நான் அதுக்குன்னு மெல்லிசு வாயில் துணியில ஆறு சட்டை தைச்சு வச்சிருந்தேன். அதுல ஒண்ணைப் போட்டுத்தான் குடுத்து விட்டோம்.

குடிச்ச தண்ணியில சாக்கடை கலந்திருக்குன்னு டாக்டர் சொன்னாரு. கெணத்துக்குத் தண்ணி எங்கருந்து வருது? குளத்துல இருந்து. அம்புட்டுத்தான், தெருவே குளத்தைப் பாத்துக் கையை நீட்டிருச்சு. அக்கா டாக்டர் பேச்சையும் காதுல வாங்கல, "குளம் காவு வாங்கிருச்சு"ன்னு ஒரே சொல்லாச் சொல்லிருச்சு. அதுக்கப்புறம் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துல, கோரைப்புல்லுக்குள்ள இருந்து பச்சப்புள்ள மொணங்குற மாதிரி கேக்குதுன்னு சொல்லும். "கிறுக்கு மாதிரிப் பேசாத, பூனையா இருக்கும்"னு நான் வைவேன். ஒரு நாள் அக்காவோட நின்னு நானும் கேட்டேன். பூனை இல்ல. அது என்னன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

ஒரு வருசம் போச்சு. மக மறுபடியும் முழுகாம இருக்கான்னு சேதி வந்துச்சு. மாமியா வீட்டுல, "அந்தக் குளத்தங்கரைக்கு இனி அனுப்ப மாட்டோமுங்க"ன்னுட்டாங்க. அவளோ தெனம் போன்ல அழுகுறா, எங்கம்மா வீட்டுக்குத்தான் போவேன்னு. குளம் நல்லாருச்சுன்னு சொன்னா அனுப்புறோம்னு கடைசியா எறங்கி வந்தாக. அக்கா எங்க வீட்டு வாசப்படியில வந்து உக்காந்து, "என் மக வரணும்னா அந்தக் குளம் உசுரோட இருக்கணும்த்தா. நான் ஒத்தப் பொம்பள என்ன செய்யிவேன்?"னு கேட்டுச்சு.

எனக்குக் கோவம் மூக்கு மேல நிக்கும். அன்னைக்கே பதினாலு வீட்டுக் கதவையும் தட்டுனேன். ஞாயித்துக்கிழமை எல்லாரும் மண்வெட்டியோட கரைக்கு வரணும், வராதவக வீட்டுக்கு இனி ஒரு ரவிக்கை தைச்சுத் தர மாட்டேன்னேன். வந்தாக. இடுப்பளவு தண்ணியில இறங்கி ஆகாயத்தாமரையை இழுத்துப் போட்டோம், பிளாஸ்டிக்கை அள்ளுனோம். அடுத்த ஞாயித்துக்கிழமை போயிப் பாத்தா, அள்ளுன எடத்துலயே மறுபடியும் பச்சையா மூடிக் கெடக்கு. நாங்க வந்துட்டுப் போனதுக்குத் தடமே இல்ல. யாரும் யாரு மூஞ்சியையும் பாக்கல.

"வீட்டுக் கழிவு உள்ள வருது, அதைத் தின்னுதான் இது இம்புட்டு வளருது"ன்னாரு முக்கு வீட்டு வாத்தியாரு. உடனே எல்லாரும் சூடத்தை அணைக்காத கொறைதான். எங்க வீட்டுக் கக்கூஸ் தொட்டி மூடுன தொட்டி, சொட்டுத் தண்ணி வெளிய போகாதுன்னு ஆளாளுக்குச் சத்தியம். அப்பத்தான் கல்யாணச் சமையலுக்குப் போற அண்ணே வாயைத் தொறந்தாரு. "எதுக்குச் சண்டை? வீட்டுக்கு வீடு கக்கூஸ்ல வேற வேற கலர்ல கேசரிப் பவுடரைக் கரைச்சு ஊத்துங்க. நாலு பக்கெட் தண்ணியும் ஊத்துங்க. குளத்துல கலர் வந்தா அவுக வீடு, வரலைன்னா இல்ல." சிரிச்சோம். ஆனா அதவிட நேர்மையான யோசனை ஒருத்தருக்கும் இல்ல.

வாரத்துக்கு ஒரு வீடு, ரெண்டு வீடுன்னு பேசிக்கிட்டோம். மொத வாரம் வாத்தியாரு வீடே. அவரு உள்ள ஊத்திட்டு வந்து எங்களோட கரையில நின்னாரு. பதினோரு மணி வெயிலு. குமிழி ஒண்ணு வந்துச்சு. அது ஒடைஞ்ச எடத்துல, தண்ணிக்கு அடியில இருந்து செவப்பா ஒண்ணு மெதுவா மேல வந்துச்சு. சத்தமில்லாம விரிஞ்சு விரிஞ்சு, ஒரு பாய் அகலத்துக்கு நின்னுச்சு. கேசரிப் பவுடர்தான்னு தெரியும், இருந்தும் நான் கரையை விட்டு மேல ஏறிட்டேன். அக்கா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு ரெண்டடி பின்னால போச்சு.

தோண்டிப் பாத்தா, தொட்டி அடியில இருந்து ஒரு குழாயி, சேத்துக்குள்ள மூழ்கிக் குளத்துக்குப் போகுது. பதினாலு வீட்டையும் கட்டுனது ஒரே கொத்தனாரு. அவரு போயிச் சேந்துட்டாரு. அவரு கட்டுன தொட்டி நெறையவே நெறையாது, கழிவு அள்ளுற லாரிக்காரனைக் கூப்புட வேண்டியதே இல்ல, கைராசிக்காரருன்னு இத்தன வருசமா நாங்க மெச்சிக்கிட்டிருந்தோம். ஏன் நெறையலன்னு கேக்க ஒருத்தருக்கும் புத்தி இல்ல.

நான் வாத்தியாரை விட்டேனா? "ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தீகளே சார், ஒங்க வீட்டுப் பரீட்சையில செவப்பு மை விழுந்துருச்சே"ன்னேன். மனுசன் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டாரு. அடுத்தடுத்த வாரம் பச்சை, ஆரஞ்சு, மறுபடி செவப்பு. ஒவ்வொரு வீடா வந்துச்சு, ஒவ்வொருத்தரையா நான் வஞ்சேன். "ஒரு உசுரையே கொன்னுட்டு நாக்கு மேல பல்லைப் போட்டுச் சத்தியம் வேற பண்ணுனீகளே"ன்னு ஒருத்தரை வாசல்ல நிக்க வச்சுக் கேட்டுருக்கேன். அவரு சம்சாரம் அழுதுருச்சு. எனக்கு அப்ப எரக்கமே வரல. ஆனா வேலைன்னு வந்தா ஒருத்தரும் பின்வாங்கல. குழாயை அடைச்சு, வீட்டுக்கு வீடு புதுசா உறிஞ்சுகுழி தோண்டுனோம். ஒருத்தர் வீட்டுக் குழிக்கு அஞ்சு வீட்டு ஆளு நின்னாக.

பதிமூணு வீடு முடிஞ்சுச்சு. கடைசி வீடு எங்களுது. எனக்குப் பயமே இல்ல. தொட்டி கட்டுறப்ப எங்க வீட்டுக்காரரு லீவு போட்டு, குத்துக்கல்லாட்டம் கூடவே உக்காந்திருந்தாரு. குழாய்ன்னு ஒண்ணு வைக்கவே விடல. அந்தத் திமிருல, மத்தவக ஒரு பாக்கெட் போட்ட எடத்துல நான் மூணு பாக்கெட் செவப்பைக் கரைச்சேன். மாடித் தொட்டித் தண்ணி அம்புட்டையும் தொறந்து விட்டேன். நல்லாப் பாருங்கன்னு எல்லாரையும் கரையில நிப்பாட்டுனேன். மத்தியானம் வரைக்கும் வரல. சாயங்காலம் வரைக்கும் வரல. குமிழிகூட இல்ல.

"பாத்தீகளா?"ன்னு கரைக்கே கேக்குற மாதிரிக் கத்துனேன். வாத்தியாரு மட்டும், "ஒங்க தொட்டியும் நெறையறதில்லையேம்மா"ன்னு மெதுவாக் கேட்டாரு. எங்க பக்கம் மண்ணு அப்புடி, உறிஞ்சுரும்னு மூஞ்சியில அடிச்ச மாதிரிச் சொன்னேன். அந்த வாரமே ஒரு கொக்கு வந்து தண்ணியில கால் வச்சு நின்னுச்சு. அக்கா அதைப் பாத்த கையோட மகளுக்குப் போன் போட்டு, "குளம் நல்லாருச்சுத்தா, கெளம்பி வா"ன்னுச்சு. வெள்ளிக்கிழமை கார்ல கூட்டிட்டு வாரோம்னாக.

புதன்கிழமை காலையில அக்கா வீட்டைக் கழுவி விடக் கூடமாட ஒத்தாசைக்குப் போனேன். அது உள்ள ஒட்டடை அடிக்கிது, நான் கெணத்துல தண்ணி சேந்துறேன். வெள்ளைப் பெயிண்டு வாளி. மேல வந்த தண்ணி ஒரு மாதிரியா இருந்துச்சு. வெயிலு வாக்குல அப்புடித் தெரியுதோன்னு நெழலுக்குத் தூக்கிட்டுப் போயிப் பாத்தேன். லேசா, ரோஸ்மில்க் குடிச்சுட்டுக் கழுவுன டம்ளர் தண்ணி மாதிரி.

குனிஞ்சு கெணத்துக்குள்ள பாத்தேன். உள்ள ஒரே குளிர்ச்சி, என் மூச்சே எனக்குத் திரும்பிக் கேக்குது. எங்க வீட்டுப் பக்கத்துச் சுவத்துல, குளத்தைப் பாத்த அந்தத் தொளை வாயில இருந்து, செவப்பா ஒரு கோடு பாசி மேல வழிஞ்சு எறங்குது. நிக்காம எறங்குது. கெணத்துக்கும் குளத்துக்கும் நடுவுலதான் எங்க வீடு. அந்தத் தொளை போற வழிக்கு மேலயே எங்க தொட்டியைத் தோண்டி எறக்கியிருக்கோம். குழாயே தேவைப்படல. பதிமூணு வீட்டுக் கழிவும் குளத்துக்குத்தான் போச்சு. எங்க வீட்டுது மட்டும் நேரே அக்கா வீட்டுக் குடத்துக்குப் போயிருக்கு.

செங்கல் தூளுன்னு சொல்லிரலாமான்னு நெனச்சேன். பொய் சொல்லல, நெசமாவே நெனச்சேன். வாளியைத் தென்னைக்கு ஊத்திட்டு, ராவோட ராவா எங்க வீட்டுக்காரருகிட்டச் சொல்லித் தொட்டியை அடைச்சிரலாம், ஒரு காக்கா குருவிக்குத் தெரியாதுன்னு கணக்குப் போட்டேன். அதுக்குள்ள அக்கா வெளக்கமாத்தோட பின்னால வந்து நின்னுருச்சு. வாளியைப் பாத்துச்சு. கெணத்தை எட்டிப் பாத்துச்சு.

"அக்கா, அது எங்க வீட்டுக் கலரு"ன்னேன்.

அக்கா கத்தல, என்னை அடிக்கல, மண்ணை வாரித் தூத்தல. அதெல்லாம் செஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். வெளக்கமாத்தைச் சுவத்துல சாத்தி வச்சுட்டு, இடுப்புல சொருகியிருந்த போனை எடுத்து நம்பரை அழுத்துச்சு. மணி அடிக்கிற சத்தம் எனக்கே கேக்குது. போனை என் கையில குடுத்து, "நீயே சொல்லு"ன்னுச்சு.

"அம்மா, ஜாமானெல்லாம் கட்டியாச்சும்மா"ன்னா அவ.

"சித்தி பேசுறேன் தாயி. நீ வராத. தப்பு குளத்துல இல்ல. எங்க வீட்டுக் கக்கூஸ் தண்ணி ஒங்க கெணத்துக்குள்ள வந்துக்கிட்டிருக்கு. இப்பத்தான் கண்ணால பாத்தேன்."

அக்கா என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிக்கிது. போன்ல அவ கேட்டா, சின்னப்புள்ள கேக்குற மாதிரி.

"அப்ப, மொதப் புள்ளைக்கும் அதேதானா சித்தி?"

ஆமான்னேன்.